அங்க மழையா, அண்ணி?

சாயங்காலம் ஆறே முக்கால். அந்தத் தெருவின் கடைசி வீடு அது. கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் மூடிப்போன செங்கல் சூளை, அதையும் தாண்டினால் ஒற்றையாக ஒரு மாடி வீடு. லைன்மேன் வண்டியை நிறுத்தினான். வெளிச்சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைத் திறந்து மீட்டரை மாட்டினான்.

"அக்கா, உள்ள போய் போனை எடுங்க!"

வாசலில் நின்றவள் உள்ளே போய் எடுத்தாள்.

மீட்டரில் முள் இறங்கியது. சரி, போனை எடுத்தால் முள் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து... முள் இன்னொரு தடவை இறங்கியது.

"வைங்க... எடுங்க... மறுபடி வைங்க... எடுங்க..."

ஒவ்வொரு தடவையும் அதே கதை. ஒரு இறக்கம். ஒரு மூச்சு. இன்னொரு இறக்கம்.

"வீட்ல எத்தனை போன்க்கா?"

"ரெண்டு. சமையலறைப் போனை நீங்க சொன்ன மாதிரி கழட்டி மேசை மேல வெச்சுட்டேன். இப்ப ஹால்ல இருக்கற ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?" லைன்மேன் மீட்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். "அப்ப நீங்க எடுக்கும்போதெல்லாம் கூடவே எடுக்கறது யாரு?"

இருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். பாதிக் கதையில் 'பாத்ரூம் வரைக்கும் துணைக்கு வா' என்று யாராவது கேட்டால் நான் வர மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

இது என் கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் அண்ணிக்கு நடந்தது. அந்த அண்ணியே தன் வாயால் சொன்னது. அவளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்... கதை கட்டுகிற ரகம் இல்லை. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். என் கூட வேலை பார்க்கிறவளை அந்த வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சின்னவளின் அப்பா, அதாவது அண்ணியின் மாமனார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபரேட்டர் பெண்கள் ஒழுங்காகப் பேசுகிறார்களா என்று நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பதுதான் அவருக்கு உத்தியோகம். உத்தியோகம் ஓய்ந்தது, காது ஓயவில்லை. மாடியில் தன் அறையில், அதே லைனில் இன்னொரு போன், பேரலல் போன், வைத்துக்கொண்டார். கீழே மணி முழுசாக ஒரு தடவை அடித்து முடிப்பதற்குள் மேலே ரிசீவரை எடுத்துவிடுவார். பேச மாட்டார். கேட்பார். அவ்வளவுதான்.

கேட்கிறார் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவருக்குத் தொண்டை எப்போதும் கரகரவென்று இருக்கும். ஓயாமல் மெந்தால் மிட்டாய் போட்டுக்கொண்டிருப்பார். வாயில் பல்செட். மிட்டாய் புரளும்போது பல்செட்டில் இடிக்கும். டக்... டக்... யாரோடு பேசினாலும் உங்கள் காதுக்குள்ளேயே அந்தச் சத்தம். மாடிப்படி ஏறினாலே அந்த வாசனை வேறு.

அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறிப்புச் சொல் வைத்திருந்தார்கள். மழை. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் முதலில் "அங்க மழையா?" என்று கேட்க வேண்டும். "ஆமா, நல்ல மழை" என்று பதில் வந்தால், மேலே ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பாடத்தைப் பற்றிப் பேசலாம், பரீட்சையைப் பற்றிப் பேசலாம். "மழை இல்ல" என்றால் மனம்விட்டுப் பேசலாம். மருமகளாக வந்த முதல் வாரமே சின்னவள் அண்ணிக்கு இதைக் காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் கூட அந்த வீட்டில் மழை கொட்டும்.

ஒரு நாள் அவர் மிட்டாய் போடாமல் கேட்டார்.

அன்றைக்குச் சின்னவள் பேசியது தன் மனதுக்குப் பிடித்தவனோடு. சாயங்காலம் வீடே கிடுகிடுத்தது. வீட்டை விட்டுப் போ என்று அவர் சொல்ல, ராத்திரியே ஒரு பையோடு அவள் கிளம்பிவிட்டாள். மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சூப்பர்வைசர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "இந்த லைன்ல இனி அவ குரல் கேக்கக் கூடாது." அதற்குப் பிறகு சின்னவள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் "ஹலோ அண்..." என்பதற்குள் மேலே க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். லைன் போய்விடும்.

அண்ணி அப்போது புதுசு. வாயைத் திறக்கவில்லை. "அந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் இப்ப வட்டியும் முதலுமா பேசறேன்" என்று பிற்பாடு சொல்வாள்.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். மகன்... அதாவது அண்ணியின் வீட்டுக்காரர்... மேலே இருந்த போனைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டார். ஒயரை நறுக்கினார். சாக்கெட்டின் மேல் சுவரோடு சேர்த்து வெள்ளை பெயின்ட் அடித்தார். இவ்வளவும் செய்தவர், அந்தக் காலி அறைக்குள் போகும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார். நல்ல மனுஷன். ஆனால் முதுகெலும்பை அப்பாவிடமே கொடுத்து வைத்திருந்தவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை.

அப்பா செத்த செய்தி சுற்றி வளைத்துத் தாமதமாகச் சின்னவளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. மூன்று மணி ஏன் என்றால், அப்பா கண்ணயர்கிற நேரம் அது. பழக்கம் விடுமா? அண்ணி எடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

அதிலிருந்து ஞாயிறு மூன்று மணி என்றால் சின்னவள் போன்தான். அவள் வீட்டுக்காரனுக்குக் கப்பலில் வேலை, வருவதற்கு இன்னும் நாளாகும். இவளுக்கு எட்டாம் மாதம். தனி ஆள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. "பிரசவத்துக்கு இங்க வந்துடுடி" என்று அண்ணி வாரா வாரம் நச்சரித்தாள். "அந்த வீட்டுக்கா?" என்பாள் சின்னவள். "அந்த வீடு என்னடி அந்த வீடு? உன் வீடு!" கரைத்துக் கரைத்து ஒருவழியாக, "அடுத்த வாரம் சொல்றேன் அண்ணி" என்கிற வரைக்கும் கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. அண்ணி வீட்டிலிருந்தபடியே டைப் செய்து அனுப்புகிற வேலை எடுத்திருந்தாள். மாமனார் இருந்தவரை 'அந்தச் சனியன் வாசப்படி ஏறக் கூடாது' என்று அதைத் தடுத்து வைத்திருந்தார். போன் லைனிலேயே நெட். மோடத்தில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. அண்ணிக்கு ஒரே பெருமை.

ஞாயிறு. மூன்று மணி. எடுத்தால்... ஸ்ஸ்ஸ்ஸ்ஸ். காது நிறைய இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ சின்னவள் குரல்.

"என்ன அண்ணி... அங்க மழையா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் கேக்கற போ! ரெண்டு நாளா கொட்டித் தீக்குது!"

க்ளிக்.

ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் வைத்துவிட்டாள் என்று புரியவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கப் போனவளுக்குப் பாதியில் உறைத்தது. மழை! தலையில் அடித்துக்கொண்டாள். ஈரக் கையோடு செல்போனை எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் எடுத்தாள்.

"அடியே, நான் இரைச்சலைச் சொன்னேன்டி! பழைய ஞாபகமே வரலை!"

"நீங்க சொன்னதுனால மட்டும் வைக்கல அண்ணி." என்றாள் சின்னவள். "அந்த இரைச்சலுக்கு நடுவுல எனக்குக் கேட்டுது. டக், டக்னு."

"உன் பிரமை."

"இருக்கலாம். ஆனா அந்த லைன்ல அவர் இல்லைன்னு என் காதால கேட்டாத்தான் அந்த வீட்டு வாசப்படி மிதிப்பேன். இல்லைன்னா இங்கயே கிடக்கறேன். பெத்துக்கறது நான்தானே, பெத்துக்கறேன்."

அண்ணிக்குச் சுர்ரென்று ஏறியது. சின்னவள் மேல் இல்லை. லைன் மேல். 'ஒரு ஒயர் இரைச்சல் போட்டதுக்காக ஒரு வயித்துப்பிள்ளைக்காரி தனியாக் கிடக்கணுமா? பார்த்துடறேன் ஒரு கை' என்று கிளம்பினாள்.

கஸ்டமர் கேர் பெண் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். நெட் வந்த லைனில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஃபில்டர் போட வேண்டும். தீப்பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டி, வால் மாதிரி ஒரு சின்ன ஒயர். சாக்கெட்டுக்கும் போனுக்கும் நடுவில் மாட்டுவது. மோடத்துக்கு மட்டும் கூடாது. "ஃபில்டர் இல்லாத போன் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் லைன் முழுக்க இரைச்சல் வரும் மேடம்." ஹால் போனுக்கு ஒன்று மாட்டினாள். சமையலறைப் போனுக்கு ஒன்று மாட்டினாள். ஸ்ஸ்ஸ்ஸ். ஃபில்டரை மாற்றிப் போட்டாள். ஒயரை மாற்றினாள். சாக்கெட்டைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துரு தட்டினாள். ஸ்ஸ்ஸ்ஸ். போனை எடுத்தால் மோடத்தின் பச்சை விளக்கு வேறு கண் சிமிட்டி அணைந்துவிடும்.

'சரி, நெட்டே வேண்டாம், ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பிடுங்கி வெச்சுட்டாப் போச்சு' என்று மோடத்தின் ஒயரை உருவிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

இரைச்சல் நின்றது. சுத்தமாக நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்த அமைதியில்... டக்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நினைத்தாள். ரிசீவரைத் தொங்கவிட்டுப் போய்ப் பார்த்தாள். குழாய்க்கு அடியில் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து காதில் வைத்தாள். டக்... கொஞ்சம் இடைவெளி... டக்... டக். ரிசீவரின் ஓட்டைகளிலிருந்து லேசாக ஒரு வாசனை. மூக்குக்குள் குளிர்ச்சியாக ஏறியது.

மெந்தால்.

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டாள். அதை அண்ணி மறைக்கவில்லை, எங்களிடம் சொன்னாள். "அப்படியே உக்காந்துட்டேன். ஆனா உக்காந்த இடத்துலயே இன்னொண்ணும் தோணிச்சு. இத்தனை நாள் இரைச்சல்தான் பிரச்னைன்னு நினைச்சேன். இரைச்சல் அவரை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு முன்னாடி மிட்டாய் போடாம கேட்டிருப்பாரு."

மறுநாள்தான் லைன்மேன் வந்தான். ஆறே முக்கால். முள் இரண்டு தடவை இறங்கிய கதை.

"மூணாவதா ஒரு போன் இருக்குக்கா. அதுக்கு ஃபில்டர் இல்ல, அதான் இரைச்சல். மேல ஏதாச்சும் பேரலல் இருக்கா?"

"இருந்தது. எடைக்குப் போட்டாச்சு."

அவன் நம்பவில்லை. மரப்படிகள் கிறீச் கிறீச்சென்று முனக மாடிக்கு ஏறினான். பின்னாலேயே அண்ணி. பெயின்டைச் சுரண்டிச் சாக்கெட்டின் மூடியைத் திறந்தான். உள்ளே நறுக்கிய ஒயர், விரல் நீளத்துக்கு மொட்டையாக நின்றது.

"இது செத்த ஒயர்க்கா. எதோடயும் சேரலை. பாருங்க, டெஸ்ட் போன் போட்டுக் காட்டறேன், சத்தமே வராது." இரண்டு கிளிப்பையும் மாட்டினான். காதில் வைத்து, விளையாட்டாக, "ஹலோ, சார் இருக்காரா?" என்றான்.

சிரித்த வாய் அப்படியே நின்றது.

மெதுவாகக் காதிலிருந்து எடுத்தான். கிளிப்பைக் கழற்றவில்லை. ஒயரோடு இழுத்தான். "அக்கா... இங்க யாரு மிட்டாய் சாப்பிடறது?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படிகள் இறங்கிய சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டே, "நெட்டை கேன்சல் பண்ணிடுங்க! முடிஞ்சா லைனையே சரண்டர் பண்ணிடுங்க!" என்று கத்தினான். கொண்டு வந்த புது ஃபில்டர் ஒன்றை மாடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

வெளியூரிலிருந்த வீட்டுக்காரரிடம் அண்ணி செல்போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பாதான்" என்றார் அவர், மெல்ல. "எதுக்கு வம்பு? லைனை வெட்டிடலாம். அவளைச் செல்லுல பேசிக்கச் சொல்லேன்."

"ஏங்க, அது நம்ம லைன். மாசா மாசம் நாம கட்டறோம். 'இந்த லைன்ல அவ குரல் கேக்கக் கூடாது'ன்னு உங்கப்பா சொன்னாரு. இப்ப நாமளே வெட்டிட்டா அவரு சொன்னது சட்டமாயிடும். உயிரோட இருந்தப்ப அவருக்குப் பயந்தோம், சரி, பெரியவரு. செத்த பிறகுமா? அவ வருவா. இதே லைன்ல பேசிட்டுத்தான் வருவா."

"நான் வேணா லீவு போட்டு..."

"நீங்க வந்து கதவைத் தட்டிக்கிட்டு நிப்பீங்க. வேலையைப் பாருங்க."

சின்னவளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். ஞாயிறு மூணு மணிக்கு வீட்டு நம்பருக்குக் கூப்பிடு, கடைசியா ஒரே ஒரு தடவை.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டை முடித்துவிட்டு அண்ணி மாடிக்கு ஏறினாள். கதவைத் தட்டவில்லை. நேராகத் திறந்துகொண்டு போனாள். நல்ல வெயில், ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து கிடந்தது. காலி அறை. சுவரில் அவர் நாற்காலி உரசிய தடம் மட்டும். லைன்மேன் விட்டுப்போன ஃபில்டர் தரையில் கிடந்தது. எடுத்தாள். தூசி தட்டினாள். மொட்டை ஒயர் தெரிந்த சாக்கெட்டுக்கு நேர் கீழே வைத்தாள்.

"மாமா" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மாமா, நீங்க கேக்கறீங்கன்னு தெரியும். கேக்காம உங்களால இருக்க முடியாது. சரி, கேளுங்க. நான் தடுக்கல. ஆனா இந்த வீட்டு லைன்ல போன் வெச்சிருக்கறவங்க எல்லாரும் ஃபில்டர் போடணும். நான் போட்டிருக்கேன். நீங்களும் போடுங்க. உங்க பொண்ணு குரலை இரைச்சல் போட்டு அமுக்கற வேலை இனி நடக்காது."

அறையில் மெந்தால் வாசனை கொஞ்சம் கூடியது.

"இன்னொண்ணு. கேக்கறதோட சரி. குறுக்க வரக் கூடாது, லைனைக் கட் பண்ணக் கூடாது, கீழ இறங்கி வரக் கூடாது. இதுக்குச் சம்மதம்னா மாட்டுங்க. இல்லைன்னா நாளைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு இந்தச் சுவத்தையே இடிச்சுடுவேன். நான் சொன்னா செய்வேன்."

கீழே வந்து போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். மோடத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. புடவைத் தலைப்பைத் திருகத் திருக அது கயிறாகிவிட்டது.

மூன்று மணி. மணி அடித்தது... முழுசாக அடிக்கவில்லை. பாதி மணியில் நின்றது. மேலே எடுத்துவிட்டார்கள்.

அண்ணி ரிசீவரை எடுத்தாள். இரைச்சல் இல்லை. பொட்டு இரைச்சல் இல்லை. மோடத்து விளக்கு கண் சிமிட்டவில்லை. சின்னவள் மூச்சு வாங்குவது கூடப் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கேட்டது.

"அண்ணி..."

டக்.

சின்னவளின் மூச்சு நின்றது. அப்புறம் சின்னக் குரலில், பத்து வயதுப் பிள்ளை கேட்கிற மாதிரி, "அண்ணி... அங்க மழையா?"

பொய் சொல்லியிருக்கலாம். மழை இல்லை என்று ஒரு வார்த்தை. அண்ணிக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமா" என்றாள். "நல்ல மழை. நனைஞ்சா கரைஞ்சா போயிடுவ? நீ போனை வெச்சேன்னா, நான் உன் அண்ணியே இல்ல. பேசு."

"அண்ணி, எனக்கு..."

"பயமாத்தான் இருக்கும். எனக்கும்தான் இருக்கு, கை வேர்த்து ரிசீவர் வழுக்குது. அதுக்காக? உன்னை இந்த வீட்டை விட்டு அனுப்புனப்ப நான் வாயைத் திறக்கல. இப்ப திறக்கறேன். இது உன் வீடு. உன் லைன். அவரு கேட்டா கேட்டுக்கட்டும். சத்தமாப் பேசு!"

டக்... டக்... டக். வேகம் கூடியது. மேலே ஏதோ ஒரு கை கொக்கியின் மேல் வந்து நிற்கிற மாதிரி அண்ணிக்குத் தோன்றியது. இப்போது க்ளிக் வரும், இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சின்னவள் பேசினாள்.

"அப்பா. எனக்கு எட்டாம் மாசம்."

மிட்டாய் நின்றது.

"நீங்க மிட்டாய் போடாம கேட்டீங்களே, அவரைத்தான் கட்டிக்கிட்டேன். நல்லா வெச்சிருக்காரு. நீங்க செத்ததைக்கூட யாரோ மூணாவது மனுஷங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எவ்வளவு அழுதேன் தெரியுமா? உங்களுக்காக அழணுமான்னு கோவமும் வந்தது, அழுகையும் வந்தது." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "நான் வரப்போறேன். வெள்ளிக்கிழமை வரேன். கீழ ஹாலுக்குப் பக்கத்து அறையிலதான் இருப்பேன். என்னைப் போன்னு சொல்ல இனி உங்களுக்கு வாய் கிடையாது!"

லைன் கட் ஆகவில்லை. அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி, மூக்கை உறிஞ்சி, "வைக்கறேன் அண்ணி" என்று வைத்தாள். ஒரு க்ளிக். அண்ணி காதில் வைத்தபடியே இருந்தாள். மேலே வைக்கிற இரண்டாவது க்ளிக்குக்காக. அது வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்தபோது மெதுவாக வந்தது, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று வைக்கிற மாதிரி.

மாடிக்குப் போய்ப் பார்த்தாள். தரையில் ஃபில்டர் இல்லை. எதோடும் சேராத அந்தச் சாக்கெட்டில், மொட்டை ஒயருக்கு மேல், அது மாட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

சின்னவள் வெள்ளிக்கிழமை வந்தாள். பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, நல்ல கனம். வீட்டுக்காரருக்குக் கூடக் கொஞ்சம் முதுகெலும்பு முளைத்தது, கதவைத் தட்டுவதை நிறுத்தினார். லைன் கண்ணாடி மாதிரி சுத்தம். ஏதாவது அவசரமாகப் பேச வேண்டும் என்று அண்ணி ரிசீவரை எடுத்தால் சில நாள் டக் என்று கேட்கும். "மாமா, ஆபீஸ் விஷயம், வைங்க" என்பாள். க்ளிக். வைத்துவிடுவார். வாழ்நாளெல்லாம் யார் சொல்லியும் போனை வைக்காத மனுஷன்! இதை அண்ணி சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். காப்பியை முடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கதவைச் சாத்தச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிள்ளைக்கு நாலு மாதம். தொட்டில் ஹாலில், மாடிப்படிக்கு எதிரே. சின்னவள் குளிக்கப் போயிருந்தாள். அண்ணி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து சத்தம் வந்தது. டக்... டக்... போன் சரியாக வைக்காமல் கிடக்கிறது போல என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரிசீவர் அதனிடத்தில் ஒழுங்காக இருந்தது.

சத்தம் தொட்டிலிலிருந்து வந்தது.

பிள்ளை விழித்துக்கொண்டிருந்தான். தொட்டிலின் தலைமாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. டக். இன்னும் ஒரு பல் கூட முளைக்காத வாய். அண்ணி பாய்ந்து போய் அவனைத் தூக்கி, விரலை விட்டு வாய் முழுக்கத் துழாவினாள். ஒன்றும் இல்லை. எச்சில்தான். விரலை வெளியே எடுத்தாள்.

விரலில் மெந்தால் வாசனை.

பயப்பட நேரமே இல்லை, அப்படி ஒரு கோபம் வந்தது. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டின் அடியில் போய் நின்றாள். மாடியைப் பார்த்துக் கத்தினாள். "மாமா! கேக்கறதோட சரின்னு சொன்னேனா இல்லையா? கீழ வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

பதில் வந்தது.

டக்.

மேலேயிருந்து இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், காலித் தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். ஒரு அடி ஒதுங்கி, படிக்கட்டுக்கு வழி விட்டாள். "ஏறுங்க மேல" என்றாள். "பேரனைப் பாத்தாச்சுல்ல? ஏறுங்க."

குளிர்ச்சியாக ஏதோ ஒன்று அவள் கையை உரசிக்கொண்டு போனது. முதல் படி கிறீச்சென்றது. அடுத்த படி. அதற்கடுத்த படி. மேலே போய் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால்தான் நகருவது என்று அண்ணி பிள்ளையோடு அங்கேயே நின்றாள்.

பாதிப் படியில் சத்தம் நின்றுவிட்டது. கதவு சாத்துகிற சத்தம்... அது இன்னும் கேட்கவில்லை.